பைக்குள் அடங்கிய தூண்டில்

எழுபதுகளின் நடுவில் எனக்குப் பம்புசெட் விற்கிற வேலை. திருச்சியில் ஆபீஸ், பாலக்கரையில் வீடு. ஆனால் வாரத்தில் பாதி நாள் ஊர் சுற்றல்தான். மண்ணச்சநல்லூரிலிருந்து மருங்காபுரி வரை, பஸ் போகிற இடமெல்லாம் நானும் போவேன். கிணறு இருக்கிற ஊரில் பெரும்பாலும் ஒரு ஏரியோ வாய்க்காலோ இருக்கும். வியாபாரம் முடிந்து அடுத்த பஸ் வரும்வரை அதன் கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவேன். சின்ன வயதிலேயே பிடித்துக்கொண்ட பழக்கம். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிடுவேன் என்று அம்மா நினைத்தாள். நான் விடவில்லை, வந்தவளும் விடச் சொல்லவில்லை. கெளுத்தியை ருசியாகக் குழம்பு வைக்கிற கை அவளுக்கு.

அப்போது என்னிடம் இருந்தது ஒரே நீளத்தில் ஒரு மூங்கில் கழி. அதைப் பஸ்ஸில் ஏற்றுவதுதான் பெரும்பாடு. ஒருநாள் சமயபுரம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகப் பஸ் முழுக்கக் கோயில் கூட்டம். நான் திரும்பிய வேகத்தில் கழியின் நுனி ஓர் அம்மாவின் கொண்டைப் பூவைப் பிடித்து இழுத்துவிட்டது. அந்த அம்மா போட்ட சத்தத்தில் கண்டக்டர் ஓடி வந்தார்.

“ஏன் சார், ஆத்தாவப் பாக்கப் போற பஸ்ல மீன் புடிக்கிற கம்போட வர்றீங்களே! ஒண்ணு டாப்ல போடுங்க, இல்ல எறங்கிக்கங்க.”

டாப்பில் போட்டேன். வழியில் எந்தப் புளியமரக் கிளை தட்டியதோ, இறங்கிப் பார்த்தபோது கழி இரண்டாக முறிந்து நார் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று என்னோடு வந்தவர் எங்கள் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர். நான் விற்ற பம்பு தண்ணீர் இறைக்காவிட்டால் போய்ச் சரிசெய்பவர் அவர். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்காரர். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு. ஏறக்குறைய என் வயதுதான். ஆனாலும் நான் அவருக்கு சார், அவர் எனக்கு சார். முறிந்த கழியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதைத் துண்டு துண்டாக் கழட்டி மாட்டற மாதிரி பண்ண மாட்டாளா சார்? பைப்புக்கு சாக்கெட் போடறோமே, அது மாதிரி.”

“வெளிநாட்டுல இருக்காம் சார். நான் கண்ணால பாத்ததில்ல.”

“இருக்குன்னா கெடைக்கும்” என்றார்.

சில மாதம் கழித்து அவர்தான் தகவல் கொண்டுவந்தார். பெரிய கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சிங்கப்பூர், பினாங்கு சாமான் விற்கிற கடை. டார்ச் லைட், சென்ட் பாட்டில், டேப் ரெக்கார்டர் நடுவே இரண்டு தூண்டில் கழி வந்திருக்கிறதாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் போனோம்.

கடைக்கார பாய் முதலில் எடுத்தது இழுத்தால் நீள்கிற ரகம். “ரேடியோ ஏரியல் மாதிரி சார். இழுங்க, இழுங்க, வந்துக்கிட்டே இருக்கும்.” கைப்பிடிக்குள் மொத்தக் கழியும் ஒளிந்துகொண்டது. எனக்கு அதைப் பார்த்ததும் அதுவே போதும் என்று ஆகிவிட்டது. பணத்தை எடுக்கப் போனவனின் கையைப் பிடித்து இன்ஜினியர் நிறுத்தினார். ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததை இறுக்கிப் பிடிக்கிற இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“நீங்க உக்கார்றது மணல்ல. ஒரு பொடி மணல் இதுக்குள்ள போச்சுன்னா அப்படியே கவ்விக்கும். அப்பறம் நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. அதைப் பாப்போமா?”

இரண்டாவது, நாலு துண்டாகக் கழற்றுகிற கண்ணாடி நார்க் கழி. கரும்பழுப்பு நிறம். ஒரு துண்டின் வாய்க்குள் அடுத்ததன் அடி போய் உட்காரும். மாட்டி நிறுத்தினால் என்னைவிட உயரம். கழற்றினால் ஆபீஸ் பைக்குள் குறுக்காகப் படுக்கும். பையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், வைத்தே பார்த்துவிட்டோம். நான் நுனியைச் சுவரில் ஊன்றி மெல்ல வளைத்தேன். மூட்டுகளில் கோணாமல், அடியிலிருந்து நுனிவரை ஒரே வளைவாக வந்தது. கையை எடுத்ததும் இரண்டு ஆட்டம் ஆடி நின்றது. இன்ஜினியர் பாயிடம் கொஞ்சம் பஞ்சு கேட்டு வாங்கி, தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்களுக்குள் ஒவ்வொன்றாக விட்டு இழுத்தார். கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தாலும் பஞ்சு மாட்டிக்கொள்ளும், நைலான் நரம்பையும் அந்தப் பிசிறு அறுத்துவிடும் என்றார். எங்கும் மாட்டவில்லை. நரம்பைச் சுற்றி வைக்கிற ரீலும் கூடவே கிடைத்தது. அவ்வளவு நாளும் நரம்பைக் கழி நுனியில் கட்டிக் காலடியில் மீன் பிடித்தவன் நான். ரீல் இருந்தால் ஈயக்குண்டின் கனத்தில் நரம்பு தானாகப் பிரிந்து தூரம் போகும் என்பதே எனக்குப் புதிது.

கடைக்கு வெளியே வந்ததும் அவர் தயங்கினார். “சார், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கப்படாது.”

“கேளுங்க சார்.”

“மீன் படறதுக்கு முன்னாடி இது ஒரு வாரம் எங்காத்துல இருக்கட்டுமே. முள் வேண்டாம். வெறும் ஈயக்குண்டு போதும். எவ்வளவு தூரம் போறதுன்னு நேக்கு வீசிப் பாக்கணும்.”

சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க அவர் மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியை ஒரு மூலையில் வைத்துவிட்டு, எதிர் மூலையிலிருந்து அதற்குள் ஈயக்குண்டை விழ வைக்கப் பார்த்திருக்கிறார். காலையில் சந்தியாவந்தனம் முடிந்தால் மாடி. ஆபீஸ் விட்டு வந்தால் மாடி. அவர் மனைவி கீழேயிருந்து, “ஏன்னா, மேல என்ன டொக்கு டொக்குன்னு? பக்கத்தாத்து மாமி கேக்கறா!” என்று கூப்பிடுவாராம். திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்து, “வாளிக்குள்ள விழறது சார்!” என்றார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவர் மாதிரி முகம்.

கழியைத் திருப்பித் தந்தபோது அதற்கு ஓர் உறையும் வந்தது. அப்போதுதான் எங்கள் ஆபீஸுக்கு பிவிசி பைப் வரத் தொடங்கியிருந்தது. அதில் ஒரு துண்டு வெட்டி, இரு பக்கமும் மூடி போட்டு, உள்ளே கம்பளித் துணி ஒட்டியிருந்தார். என் மனைவி பழைய திரைச்சீலையில் நாலு அறை வைத்து ஒரு துணிப்பை தைத்தாள், துண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க. பஸ்ஸில் அந்தப் பைப்பை மடியில் வைத்துக்கொண்டு போவேன். ஏதோ நிலத்து வரைபடம் என்று நினைத்து ஜனங்கள் மரியாதையாக இடம் விடுவார்கள்.

அந்தக் கழியை நாங்கள் கவனித்துக்கொண்ட மாதிரி வேறு எதையும் கவனித்துக்கொண்டோமா என்று தெரியவில்லை. ஊரிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவேன். ரீலைத் தண்ணீரில் முக்காமல் ஈரத்துணியால் மட்டும் துடைத்து, அச்சில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். வெயிலில் வைக்காமல் நிழலில் காய வேண்டும். ஈரத்தோடு பைப்புக்குள் மூடினால் மறுநாள் பூஞ்சை வாடை அடிக்கும். மூட்டுகளில் மெழுகுவர்த்தியால் லேசாகத் தேய்த்துவிட்டால் சிக்காமல் கழன்று வரும். எங்கள் வீட்டில் கோயிலில் மந்திரித்த மெழுகுவர்த்தியின் அடிக்கட்டைகள் எப்போதும் கிடக்கும். அப்படியும் சில நாள் மூட்டு இறுகிக்கொள்ளும். முறுக்கக் கூடாது, நேராக இழுக்க வேண்டும். நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. கழன்ற வேகத்தில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் விழுந்து, அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற வரை சிரித்திருக்கிறோம்.

மீன் பட்ட பிறகு கழி ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள் போகவில்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் இருவரும் சேர்ந்து வெளியூர் போகிற நாளெல்லாம், நான் முள் கட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கழி அவருடையது. கரையிலிருந்து ஏதாவது ஒரு இலக்கு சொல்வார். அந்த ஆம்பல் இலை, அந்தக் கல், அந்த மிதக்கிற ஓலை. வீசுவார், சுற்றி இழுப்பார், மறுபடி வீசுவார். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு, நான் மீன் பிடிக்கிற பக்கம் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து வெற்றிலை போடுவார்.

கொள்ளிடத்தில் அது நடந்தது ஓர் ஆடி மாதம். வடகரையில் ஒரு விவசாயி புதிதாக வாங்கிய பம்பு இறைக்கவில்லை என்று ஆள் அனுப்பியிருந்தார். இருவரும் போனோம். அடி வால்வில் நார் சிக்கியிருந்தது. எடுத்ததும் தண்ணீர் கொட்டியது. “சமையலாவுது, மோர்க்குழம்புதான். ஐயரு வந்திருக்காருன்னு வெங்காயம் போடாம வெக்கச் சொல்லிருக்கேன். சாப்பிட்டுத்தான் போவணும்” என்றார் விவசாயி. சாப்பாடு ஆகும் வரை ஆற்றங்கரைக்கு இறங்கினோம்.

கொள்ளிடம் அன்று முக்கால்வாசி மணல்தான். கரையை ஒட்டி முழங்காலளவு ஓர் ஓடை, அதற்கு அப்பால் நாணல் முளைத்த ஒரு திட்டு. இன்ஜினியர் வழக்கம்போல வீசினார். காற்று தள்ளியதில் ஈயக்குண்டு திட்டின் நாணலுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. இழுத்தால் கழி முறியும் என்று பயந்தார். “இருங்க சார், நான் எடுத்து விடறேன்” என்று பேன்ட்டை மடித்துக்கொண்டு நான் ஓடையைக் கடந்து திட்டில் ஏறினேன். சிக்கலை எடுத்துவிட்டேன், அவர் சுற்றி இழுத்துக்கொண்டார்.

உடனே திரும்பியிருக்கலாம். ஆனால் திட்டின் மறுபக்கம் ஒரு மடு தெரிந்தது. அதில் கெண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

“சார்! தண்ணி!” என்று கரையிலிருந்து குரல் வந்தது.

திரும்பினேன். நான் கடந்து வந்த ஓடை இரண்டு மடங்கு அகலமாகி, காப்பி நிறத்தில் நுரையும் வைக்கோலுமாக ஓடிக்கொண்டிருந்தது. மேலணையில் தண்ணீர் திறந்த சேதி அந்தக் கரைக்கு வந்து சேர்வதற்குள் தண்ணீரே வந்துவிட்டது. இறங்கிப் பார்த்தேன். இரண்டாவது அடியிலேயே தொடைக்கு ஏறியது. காலடி மணலை உருவிக்கொண்டு போயிற்று. பின்வாங்கித் திட்டில் ஏறினேன். எனக்கு மீன் பிடிக்கத் தெரியுமே தவிர நீந்தத் தெரியாது.

“நகராதேடா! அங்கேயே நில்லு!” என்று கத்தினார் அவர். அத்தனை வருஷத்தில் என்னை அவர் ‘டா’ என்று சொன்னது அன்றுதான்.

அவர் போட்ட சத்தத்தில் விவசாயியும் வயலில் இருந்த ஆட்களும் பம்பு இறக்கிய வடக்கயிற்றோடு ஓடி வந்தார்கள். ஒருவர் கயிற்று நுனியில் கல் கட்டிச் சுழற்றி எறிந்தார். பாதி தூரம்கூட வரவில்லை. வேறொருவர் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தார். வெள்ளம் அவரைப் புரட்டவும் மற்றவர்கள் இழுத்துக்கொண்டார்கள். “பரிசலுக்கு ஆளனுப்பு” என்று யாரோ சொன்னார்கள். பரிசல் வருகிற வரை திட்டு இருக்காது என்பது எனக்குத் தெரிந்தது. நாணல் ஒவ்வொரு கொத்தாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. வாய் தானாக ‘அருள்நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டிருந்தது; பாதியில் வார்த்தை மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

அப்போது அவர் கழியைக் கையில் எடுப்பதைப் பார்த்தேன். கரையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்ன சார், இப்பப் போயி...” என்று யாரோ சொன்னது காற்றில் கேட்டது. இன்ஜினியர் எனக்குக் கொஞ்சம் மேற்கே தள்ளி, காற்றுக்குத் தோதாக நின்றுகொண்டார். வீசினார். ஈயக்குண்டு எனக்கு முன்னால் தண்ணீரில் விழுந்து அடித்துக்கொண்டு போயிற்று. நிதானமாகச் சுற்றி இழுத்தார். நரம்பை உதறி ஈரத்தைப் போக்கினார். மறுபடி வீசினார். இந்தத் தடவை குண்டு என் தலைக்கு மேலே பறந்து பின்னால் விழுந்தது. நரம்பு சிலந்தி நூல் மாதிரி வந்து என் தோளில் படிந்தது.

“கையில சுத்திக்கோ! இழுக்காதே, நான் சொல்றப்போ இழு!”

வடக்கயிற்றின் கனத்தை நரம்பு தாங்காது. அது அவருக்குத் தெரியும். கிணற்றின் ஆழம் அளக்க எப்போதும் அவர் பையில் ஒரு மெல்லிய பருத்திக் கயிறு இருக்கும். கழியிலிருந்து நரம்பை வெட்டி அந்தக் கயிற்றோடு முடிந்தார்; கயிற்றின் மறுமுனையை வடத்தோடு முடிந்தார். “இப்ப இழு, மெதுவா!” இழுத்தேன். நரம்பு உள்ளங்கையைக் கிழித்தது. நரம்பு போய்க் கயிறு வந்தது, கயிறு போய் வடம் வந்தது. ஈரத்தில் பாம்பு மாதிரி கனத்த அந்த வடத்தைத் தொட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

“கக்கத்துக்குக் கீழ கட்டு. ரெண்டு முடிச்சு. கட்டிட்டியா? காட்டு!”

கையைத் தூக்கிக் காட்டினேன். வடத்தை அவர்கள் ஒரு பனைமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். நான் இறங்கினேன். கால் உடனே போய்விட்டது. வாயில், மூக்கில், கண்ணில் மணல் தண்ணீர். வெள்ளம் என்னை அடித்துக்கொண்டு போக, வடம் பிடித்து நிறுத்த, அரைவட்டமாகக் கீழ்ப்பக்கக் கரையில் போய் மோதினேன். பல கைகள் பிடித்துத் தூக்கின. குப்புறப் போட்டு முதுகில் தட்டியவர் யார் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது இன்ஜினியர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தார். 

“மூச்சு விடறது சரியா இருக்கா சார்?” என்றார்.

அந்தக் கலவரத்தில் கீழே போட்ட கழியை யாரோ மிதித்திருந்தார்கள். மூன்றாவது துண்டு வாய்ப்பக்கம் விரிசல் விட்டிருந்தது. அதைப் பைப்பில் போட்டு அவரே எடுத்துக்கொண்டார். விவசாயி வீட்டில் எனக்கு வேட்டி கொடுத்தார்கள். சூடாகச் சோறும் மோர்க்குழம்பும் போட்டார்கள். அந்த வீட்டம்மா என்னைப் பார்த்துப் பார்த்து, “சாப்பிடுங்க தம்பி, சாப்பிடுங்க” என்றார். அந்தச் சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

வீட்டில் என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். உள்ளங்கைக் காயத்துக்கு மருந்து போட்டுவிட்டாள். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும், “என்னங்க, ஸ்ரீரங்கம் போயிட்டு வரலாம்” என்றாள். ஒரு சீப்பு ரஸ்தாளியும் மல்லிகைப் பூவும் வாங்கிக்கொண்டு போனோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அந்த வீட்டுக்குப் போனதில்லை. வாசலில் நின்று அவர் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.  “மாமி...” என்றவள் அழுதுவிட்டாள்.

“அழப்படாது. உள்ள வாங்கோ. பெருமாள் காப்பாத்தினார். உங்க மாதாவும்தான்” என்றார் அந்த அம்மா. பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “அந்தக் கழி எங்க? வாசல்லயே வெச்சிருக்கேளா?”

“மீன் பட்டதுடி.”

“இருக்கட்டுமே. நான் பாக்க வேண்டாமா? உள்ள கொண்டு வாங்கோ.”

கூடத்தில் பாயில் அந்த நாலு துண்டையும் பரப்பி வைத்தார். அந்த அம்மா குனிந்து விரிசலைத் தடவிப் பார்த்தார். உள்ளே போய்ப் பழைய பட்டுப் புடவையின் தலைப்பிலிருந்து உருவிய அரக்கு நிற நூலைக் கொண்டுவந்தார். இன்ஜினியர் விரிசலுக்குள் பிசின் விட்டு, அதன்மேல் நூலை ஒரு சுற்றை ஒட்டி இன்னொரு சுற்றாக, இடைவெளி தெரியாமல் சுற்றினார். நூல் முனையை நான் பிடித்துக்கொண்டேன். அது காய்ந்த பிறகு வார்னிஷ், மறுநாள் மறுபடி வார்னிஷ். அந்த இடம் மட்டும் கழியில் நகைபோல மின்னியது. அதன் பிறகு அந்த இடத்தில் ஒருநாளும் விரிசல் விடவில்லை.

அதற்குப் பிறகும் நான் மீன் பிடித்தேன். ஆனால் ஆற்றுக்குள் இறங்குவதில்லை. அந்த வருஷமே ஓர் உறவினரின் தோட்டக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீந்தக் கற்றுக்கொண்டேன். கரையில் நின்று பார்த்த என் மகள் சிரித்தே மாய்ந்துபோனாள். கழியை அவரவர் முறைக்கு இருவரும் வைத்திருந்தோம். நான் பிடித்த பிறகு என் மனைவி அதைச் சீயக்காய் போட்டுக் கழுவித் துடைத்து ஸ்ரீரங்கத்துக்கு அனுப்புவாள். அங்கிருந்து திரும்பி வரும்போது பைப்போடு ஒரு தூக்கில் புளியோதரையோ அக்காரவடிசிலோ வரும்.

எண்பதுகளில் அவருக்கு மெட்ராஸ் மாற்றலானது. ஸ்டேஷனில் வழியனுப்பப் போனபோது கழியை எடுத்துப் போயிருந்தேன். “நீங்க எடுத்துக்கங்க சார்” என்றேன்.

“மெட்ராஸ்ல எங்கே சார் வீசறது? உங்க கையில இருந்தா யாராவது அதைக் கழுவித் தொடச்சு வெப்பா. லீவுக்கு வரச்சே வந்து பாத்துக்கறேன்.”

சொன்னபடி வந்தார். ஒவ்வொரு கோடையிலும் குடும்பத்தோடு ஸ்ரீரங்கத்துக்கு வருவார். வந்த மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்கும். என் மனைவி டிகாக்ஷன் இறக்கி வைத்திருப்பாள். குழந்தைகளின் படிப்பு, கம்பெனியின் புதிய மோட்டார், அவருடைய முழங்கால் வலி என்று பேசிக்கொண்டே இருவரும் காவேரிக்குப் போவோம். கோடையில் தண்ணீர் அங்கங்கே வழிகிற ஓடைதான். வெயில் ஏறும் வரை அவர் வீசுவார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு மணல் சுடத் தொடங்கும். செருப்பை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு நுங்கு வாங்கித் தின்றுகொண்டு வீடு திரும்புவோம்.